கம்பெனில சங்கம் வெக்கலாம்னு இருக்கோம், எச்ஆர் "கமிட்டி போதும்"ங்கறாங்க, எதக் கேக்கறது?

ஒரகடம் ஆப்பரேட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில பிரஸ் ஷாப்ல ஆப்பரேட்டர். கம்பெனி பேரு வேணாம், இங்கயும் யாராச்சும் பாத்துட்டு இருப்பாங்க. பர்மனென்ட் நாங்க முந்நூத்தி சொச்சம் பேர், அது போக கான்ட்ராக்ட், ட்ரெய்னினு எங்கள மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். இது வரைக்கும் சங்கம்னு ஒண்ணு கிடையாது. இன்க்ரிமென்ட் அவங்களா பாத்துப் போடறதுதான், போன தடவ போட்டது வீட்டு வாடகை ஏறுனதுக்கே பத்தல.

ஆனா பசங்க பொங்குனது காசுக்கு இல்லங்க, சோத்துக்கு. மதியம் அரை மணி நேரம் பிரேக். ஷெட்டுல இருந்து கேன்டீனுக்கு நடக்கணும், கைல இருக்கற ஆயிலு சோப்புத் தூள் போட்டு தேச்சாதான் போகும், அதுக்கு ஒரு க்யூ, அப்புறம் தட்டுக்கு ஒரு க்யூ, உக்காந்து ரெண்டாவது தடவ சாம்பார் ஊத்தறதுக்குள்ள பெல் அடிச்சுடும். இப்ப புதுசா ஷெட் வாசல்ல பஞ்ச் மிஷின் வெச்சு, லேட் ஆனா அரை நாள் கட் பண்றாங்க. இன்னொண்ணு, பாத்ரூம் போகணும்னா ரிலீவர் வர்ற வரைக்கும் மிஷின விட்டு நகர முடியாது. ரிலீவர கேட்டா சூப்பர்வைசர் மொறைப்பான்.

இத எழுதி கையெழுத்து வாங்கி குடுத்தோம். எச்ஆர்ல கூப்பிட்டு டீயெல்லாம் குடுத்து ரொம்ப தன்மையா பேசுனாங்க. "நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்பா, வெளி ஆளுங்க கொடிய தூக்கிட்டு வந்தா ஆர்டர் எல்லாம் போயிடும், ஷெட்டுக்கு ரெண்டு பேர் பேர் குடுங்க, ஒர்க்கர்ஸ் கமிட்டி போட்டுக்கலாம்"னு சொன்னாங்க. பாதி பசங்க இதுவே போதும்ங்கறாங்க, பாதி பேர் சங்கமா பதியணும்ங்கறாங்க. கமிட்டிக்கும் சங்கத்துக்கும் நெஜமாவே என்ன வித்தியாசம், பதியறதுக்கு எத்தன பேர் வேணும், புது சட்டம் வந்துடுச்சுங்கறாங்களே அதுல சங்கமே வெக்க முடியாதுன்னு ஒருத்தன் சொல்றான், உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


அம்பத்தூர் எஸ்டேட்:

தம்பி, நான் அம்பத்தூர்ல ரொம்ப வருஷம் சங்கத்துல செயலாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல அந்த "சங்கமே வெக்க முடியாது"ங்கறது புருடா. 1926 தொழிற்சங்க சட்டம், 1947 தொழில் தகராறு சட்டம், நிலையாணைச் சட்டம் மூணையும் எடுத்துட்டு தொழில் உறவுச் சட்டத் தொகுப்புன்னு ஒண்ண 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு கொண்டு வந்துட்டாங்க. அதுலயும் ஏழு பேர் கையெழுத்து போட்டா விண்ணப்பம் குடுக்கலாம். ஆனா வேல செய்யறவங்கள்ல நூத்துக்கு பத்து பேரோ இல்ல நூறு பேரோ, எது கம்மியோ அத்தன பேர் மெம்பரா இருக்கணும். இது 2001லயே பழைய சட்டத்துல சேத்ததுதான், புதுசு இல்ல. நீ பத்து பர்சென்ட் கணக்கெல்லாம் பாக்காத, கான்ட்ராக்ட்ட சேத்தா எவ்ளோ சேக்காட்டி எவ்ளோன்னு லேபர் ஆபீஸ்ல இழுத்தடிப்பாங்க. நூறு பேருக்கு ரசீது போட்டுட்டு போ, வாய் மூடிக்குவாங்க.

கமிட்டி விஷயம். நூறு பேருக்கு மேல இருக்கற எடத்துல ஒர்க்ஸ் கமிட்டி வெக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு போடலாம்னு சட்டத்துல இருக்கு, பழைய சட்டத்துலயும் இருந்துச்சு. ரெண்டு தரப்புலயும் ஆள் இருக்கும், ஃபேன் ஓடல, குடிதண்ணி வரல, ஷூ கிழிஞ்சு போச்சுங்கற மாதிரி அன்னாட பிரச்சனையப் பேசலாம். அதுக்கு மேல அதால ஒண்ணும் பண்ண முடியாது. சம்பள ஒப்பந்தம் போட முடியாது, போட்டாலும் தொழிலாளிய கட்டுப்படுத்தாது. நார்த் புரூக் ஜூட் கம்பெனி கேஸ்ல 1960லயே சுப்ரீம் கோர்ட்டு இத சொல்லிடுச்சு, ஒர்க்ஸ் கமிட்டி சங்கத்துக்கு மாத்து இல்லன்னு. அதனாலதான் எச்ஆருக்கு அது மேல அவ்ளோ பாசம்.

கமிட்டிக்கு ஷெட்டுக்கு ரெண்டு பேர் குடுக்கச் சொன்னாங்கல்ல, அந்த லிஸ்ட்ட குடுத்துடாதீங்க. யாரு முன்னால நிக்கறான்னு அவங்களுக்கே தெரியாம இருக்கறப்ப நீங்களே எழுதி குடுத்த மாதிரி ஆயிடும். விண்ணப்பம் போடற வரைக்கும்தான் ஆபத்து. அதுக்குள்ள ஒருத்தன புனே பிளான்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் போடுவான், ஒருத்தன் மேல ரிஜெக்ஷன் ஜாஸ்தின்னு சார்ஜ் ஷீட் குடுப்பான். பதிஞ்சதுக்கு அப்புறம் மொத்த தொழிலாளிங்க எண்ணிக்கைல ஒரு பர்சென்ட், குறைஞ்சது அஞ்சு பேர், அத்தன நிர்வாகிங்கள பாதுகாக்கப்பட்ட தொழிலாளின்னு கேட்டு வாங்கலாம், தகராறு நிலுவைல இருக்கறப்ப அவங்கள வேலைய விட்டு எடுக்கணும்னா அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும். அது வரைக்கும் வாட்ஸ்அப் குரூப் கிரூப்புன்னு எதுவும் வேணாம், பாதி குரூப்புல சூப்பர்வைசரோட மச்சான் இருப்பான்.


எச்ஆர் பக்கத்துல இருந்து:

அடிக்க வராதீங்க, நானும் அதே பெல்ட்ல எச்ஆர்லதான் இருக்கேன். உங்க கம்பெனி இல்ல.

அம்பத்தூர் சார் சொன்ன சட்டம் எல்லாம் சரி. ஒண்ணு விட்டுட்டாரு. இருபது பேருக்கு மேல இருந்தாலே குறைதீர்ப்புக் கமிட்டி கட்டாயம், அதுல தொழிலாளி பக்கமும் நிர்வாகம் பக்கமும் சமமா ஆள் இருக்கணும், முப்பது நாள்ல முடிக்கணும். சாப்பாட்டு நேரம், ரிலீவர், ரெண்டுமே ஒரு மாசத்துல தீக்கக்கூடிய விஷயம். அத விட்டுட்டு சங்கம், பதிவு, அங்கீகாரம், கோர்ட்டுன்னு போனா ரெண்டு வருஷம் ஓடிடும். 2024ல சாம்சங்ல என்னாச்சு, செப்டம்பர் 9ல ஆரம்பிச்சு முப்பத்தேழு நாள் ஸ்டிரைக், அதுக்கப்புறமும் சங்கத்த பதிய ஹைகோர்ட் வரைக்கும் போய் 2025 ஜனவரி கடைசிலதான் நம்பர் கெடச்சுது. அந்த முப்பத்தேழு நாள் சம்பளம் யாரு குடுப்பா, இஎம்ஐ கட்டறவன் நெலம என்ன?

இன்னொரு உள் விஷயமும் சொல்றேன். மேனேஜ்மென்ட் பயப்படறது நீங்க கேக்கற சம்பளத்துக்கு இல்ல, டெலிவரிக்கு. பெரிய கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் போகுதுன்னா ஸ்டாக்கே வெக்கறதில்ல, லாரி கெளம்புற நேரம் மணிக்கணக்குல ஃபிக்ஸ். இங்க ரெண்டு மணி நேரம் பிரஸ் நின்னா அங்க லைன் நிக்கும், அதுக்கு நாங்க பெனால்டி கட்டணும். கொடின்னா அவங்க கண்ணுக்கு அதுதான் தெரியுது. வெளி ஆளுங்க வந்தா அவங்களுக்கு அவங்க கட்சி கணக்கு, உங்க கேன்டீன் க்யூ இல்ல.


அம்பத்தூர் எஸ்டேட்:

பாத்தியா தம்பி, உன் கைல என்ன பலம் இருக்குன்னு அவரே எழுதி குடுத்துட்டாரு. ரெண்டு மணி நேரம். நன்றி சார்.

ஆனா அத நெனச்சு திடீர்னு மிஷின ஆஃப் பண்ணிடாதீங்க. புது சட்டத்துல எந்த கம்பெனியா இருந்தாலும் பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்காம ஸ்டிரைக் பண்ணக் கூடாது. முன்னெல்லாம் தண்ணி, கரன்ட் மாதிரி பொது சேவைக்குத்தான் அந்த கட்டாயம் இருந்துச்சு. பாதிக்கு மேல ஆளுங்க ஒண்ணா கேஷுவல் லீவ் போட்டா அதுவும் ஸ்டிரைக்குதான்னு எழுதிட்டாங்க, அதனால அந்த பழைய வித்தையும் செல்லாது. மீறுனா அபராதம், ஒரு மாசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு.


பெரம்பூர் பேரன்:

வெளி ஆளுங்க வெளி ஆளுங்கன்னு கேட்டு கேட்டு காது புளிச்சு போச்சு, அதனால எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தாவும் அவரோட அப்பாவும் பி அண்ட் சி மில்லு. பின்னி மில்லுன்னு சொன்னாதான் இப்ப உள்ளவங்களுக்கு புரியும், 1996ல மூடி, அப்புறம் சினிமாக்காரங்க சண்டைக் காட்சி எடுத்துட்டு இருந்தாங்களே அந்த எடம். இந்தியாவுலயே முறையா சந்தா, நிர்வாகின்னு அமைஞ்ச முதல் சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27ல அந்த மில்லுத் தொழிலாளிங்களுக்காகத்தான் பெரம்பூர்ல ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சது யாரு தெரியுமா, மில்லுல வேல செஞ்சவங்களே இல்ல. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடுன்னு ரெண்டு பேர், அந்த ஏரியால வியாபாரம் பண்ணவங்க. வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபைன்னு ஒரு பஜனை சபை நடத்துனாங்க, சாயங்காலம் அங்க வந்து உக்காந்த மில்லுக்காரங்க சாமி கதையோட சேத்து மில்லு கதையும் பொலம்புனாங்க, அது அப்படியே வளந்து அன்னி பெசன்ட் பத்திரிகைல இருந்த பி.பி. வாடியாகிட்ட போச்சு. வாடியா பம்பாய் பார்சி. திரு.வி.க. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து பத்திரிகைக்கு வந்தவர். இவங்க எவனுக்காவது தறி ஓட்டத் தெரியுமா?

கேள்வி கேட்ட தம்பி கவனிங்க, அந்த சங்கம் முதல்ல கையில எடுத்ததுல ஒண்ணு மதிய சாப்பாட்டு நேரம். அரை மணி நேரம் பத்தலன்னு. அத நாப்பது நிமிஷமாக்குனாங்க. நூறு வருஷத்துக்கு அப்புறம் ஒரகடத்துல நீங்க மறுபடி அரை மணி நேரத்துல வந்து நிக்கறீங்க, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கம்பெனி அப்பவே இதே பாட்டுதான், தொழிலாளிங்ககிட்ட பேசறோம், வெளி ஆளுங்ககிட்ட பேச மாட்டோம். 1920ல தகராறு முத்தி மில்ல பூட்டுனாங்க, தொழிலாளிங்கள ஒப்பந்தத்த மீறச் சொல்லி தூண்டிவிட்டாங்கன்னு வாடியா மேலயும் மத்த தலைவர்ங்க மேலயும் ஹைகோர்ட்ல கேஸ் போட்டு தடை வாங்குனாங்க. அப்ப தொழிற்சங்கத்துக்குன்னு சட்டமே கிடையாது, சங்கம் நடத்துறதே ஒரு சதின்னு சொல்லி தலைவனோட சொந்த சொத்து மேல கை வெக்கலாம்ங்கற நெலம. கடைசில வாடியா சங்கத்த விட்டு ஒதுங்கணும்னு சமாதானம் ஆச்சு. இது பெரிய கூச்சலாகி, தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி 1921ல டெல்லி சட்டசபைல சங்கங்களுக்கு பாதுகாப்பு சட்டம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்து, இழுத்தடிச்சு 1926ல வந்ததுதான் அந்த சட்டம். அதாவது அம்பத்தூர் அண்ணன் சொல்ற அந்த ஏழு பேர் கையெழுத்துக்கு வித்து பெரம்பூர்ல விழுந்தது.

தூத்துக்குடில 1908ல கோரல் மில் ஸ்டிரைக், வ.உ.சி. நடத்துனது, அவரும் வக்கீலு, கப்பல் ஓட்டுனவரு, பஞ்சு பொறுக்குனவர் இல்ல. சங்கமும் இல்ல சட்டமும் இல்ல, ஆனா சம்பளத்துல பாதி ஏத்தி, ஞாயித்துக்கிழமை லீவும் வாங்குனாங்க. ஜெயிச்ச கொஞ்ச நாள்லயே வ.உ.சி.ய அரெஸ்ட் பண்ணிட்டாங்க, அது வேற கதை. 1923ல மெட்ராஸ் பீச்சுல மே தினக் கொடி ஏத்துன சிங்காரவேலரும் வக்கீலுதான். உள்ள இருக்கறவன் வாயத் தொறந்தா மறுநாள் கேட்டுல நிறுத்திடுவான், அதனாலதான் சம்பளத்துக்கு அந்த கம்பெனிய நம்பாத ஒருத்தன் வேணும். சட்டத்துலயே நிர்வாகிங்கள்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும், அஞ்சு பேருக்கு மேல போகாம, வெளி ஆள் இருக்கலாம்னு இருக்கே சார், அப்ப அது எதுக்கு?


எச்ஆர் பக்கத்துல இருந்து:

சட்டத்துல இருக்கு, நான் இல்லங்கல. வாடியா காலத்து வெளி ஆளும் இப்ப வர்ற வெளி ஆளும் ஒண்ணாங்கறதுதான் என் கேள்வி. ஒரே கம்பெனில மூணு கட்சிக்கு மூணு சங்கம் இருந்து ஒருத்தர் போட்ட ஒப்பந்தத்த இன்னொருத்தர் எதுக்கறத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். சரி, வேலை இருக்கு, வரேன்.


ஒரகடம் ஆப்பரேட்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. பெரம்பூர் அண்ணன் எழுதுனத பிரேக்ல நாலஞ்சு பேருக்கு காட்டுனேன், நாப்பது நிமிஷம்ங்கறத படிச்சுட்டு ஒருத்தன் விசில் அடிச்சான்.

லிஸ்ட் குடுக்கல, யோசிச்சு சொல்றோம்னு சொல்லிட்டோம். இப்ப எங்களுக்குள்ளயே புதுசா ஒரு சண்ட. கான்ட்ராக்ட் பசங்கள மெம்பரா சேக்கறதா வேணாமான்னு. சீனியர்ங்க வேணாம்ங்கறாங்க. அவங்கள சேத்தா நமக்கு வர்றதுல பங்கு போகும், அவன் இன்னிக்கு இருப்பான் நாளைக்கு ஒடிசா போயிடுவான், சந்தா யாரு வாங்கறது, ஹிந்தில யாரு பேசறதுன்னு. அதுவும் இல்லாம பெரும்பான்மை கணக்குக்கு கம்பெனி மஸ்டர் ரோல்ல, அதாவது ஆள் பதிவேட்டுல, இருக்கறவங்க மட்டும்தானாமே, அப்ப அவங்க இருந்தா என்ன இல்லாட்டி என்னங்கறாங்க. எனக்கும் அது கொஞ்சம் சரியாத்தான் படுது. என்ன சொல்றீங்க?


அம்பத்தூர் எஸ்டேட்:

மஸ்டர் ரோல் விஷயம் சரிதான். ஒண்ணுக்கு மேல சங்கம் இருந்தா மஸ்டர் ரோல்ல உள்ளவங்கள்ல 51 பர்சென்ட் ஆதரவு இருக்கற சங்கம்தான் பேச்சுவார்த்தை சங்கம், எதுக்கும் அவ்ளோ இல்லன்னா ஒவ்வொரு 20 பர்சென்ட்டுக்கும் ஒரு ஆள்னு கவுன்சில். கான்ட்ராக்ட் ஆளு பேரு கான்ட்ராக்டரோட ரோல்ல இருக்கும், அதனால அந்த கணக்குல வராது. ஆனா உன் சீனியருங்க கணக்கு ஓட்டு கணக்கு. எச்ஆர் சார் சொன்ன அந்த ரெண்டு மணி நேரம் யாரு கைல இருக்கு? நைட் ஷிஃப்ட்ல உன் பிரஸ்ஸ ஓட்டறவன் யாரு?


பெரம்பூர் பேரன்:

தம்பி, போன தடவ நான் பெருமைய மட்டும் எழுதுனேன், மிச்சத்த இப்ப சொல்றேன், ஏன்னா எங்க வீட்லயே இத சத்தமா பேச மாட்டாங்க.

1921ல பி அண்ட் சி மில்லுல ஸ்டிரைக் ஆரம்பிச்சுது. மாசக்கணக்கா போச்சு. அதுல ஆதி திராவிடத் தொழிலாளிங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போனாங்க. எங்க தெருவுல இன்னிக்கும் பெருசுங்க "அவங்க காட்டிக் குடுத்துட்டாங்க"ன்னுதான் சொல்லும். நானும் சின்ன வயசுல அப்படித்தான் கேட்டு வளந்தேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவங்க ஏன் நிக்கணும்? சேரில இருந்து வர்றவன், கையில ஒரு வாரத்துக்கு அரிசி கிடையாது, சங்கத்து மேடைல அவன் ஆள் ஒருத்தன் இல்ல, மில்லுக்குள்ள பக்கத்து மிஷின்ல நிக்கறவன் வெளிய வந்தா அவன் தெருவுக்குள்ள விட மாட்டான். எம்.சி. ராஜா மாதிரி அவங்க தலைவர்ங்க வேலைக்குப் போங்கன்னாங்க. கம்பெனியும் சர்க்காரும் இத நல்லா யூஸ் பண்ணிக்கிச்சு. அப்புறம் புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, ரெண்டு பக்கமும் அடிதடி, போலீஸ் சுட்டு செத்தவங்க உண்டு. அக்டோபர்ல ஸ்டிரைக் உடைஞ்சு போச்சு, கேட்டது எதுவும் கெடைக்காம திரும்ப உள்ள போனாங்க. நல்லா வளந்த சங்கம், அதுக்கப்புறம் எழுந்திரிக்க ரொம்ப காலம் ஆச்சு.

கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வ கூப்பிட்டு நாடு கடத்திடுவேன்னு மெரட்டுனாரு, அதெல்லாம் அவங்க தாங்கிட்டாங்க. கோர்ட்டுத் தடையையும், துப்பாக்கியையும் தாங்குன சங்கம் உடைஞ்சது உள்ள இருந்த ஒரு கோட்டுல. அந்தக் கோட்ட கம்பெனி போடல, அது ஏற்கனவே நம்ம தெருவுல இருந்துச்சு, கம்பெனி அது மேல நடந்துச்சு அவ்ளோதான்.

இப்ப உங்க ஷெட்ல அந்தக் கோடு எதுன்னு நான் சொல்லணுமா? பர்மனென்ட் காக்கி, கான்ட்ராக்ட் நீலம்னு யூனிஃபார்ம்லயே போட்டு வெச்சிருப்பாங்க. இன்னும் தோண்டிப் பாத்தா அந்த நீலத்துக்குள்ள எந்த ஜாதி, எந்த மாநிலம் ஜாஸ்தின்னு நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.


ட்ரெய்னி பேட்ஜ்:

அண்ணா குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், நான் ஆட்டோ பார்ட்ஸ் இல்ல, எலக்ட்ரானிக்ஸ் லைன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டல்ல இருக்கேன், சொந்த ஊர் வேலூர் தாண்டி. கான்ட்ராக்ட்.

அந்த சீனியர் அண்ணனுங்க சொல்றத எல்லாரும் சொல்றாங்க, இன்னிக்கு இருப்பான் நாளைக்கு போயிடுவான்னு. நாங்களா போறோம்? வருஷம் முடியறதுக்குள்ள பிரேக் குடுப்பாங்க, ஊருக்குப் போய் ஒக்காந்திருந்தா திரும்ப போன் வரும், வந்தா வேற கான்ட்ராக்டர் பேர்ல புது ஐடி கார்டு, அதே லைன், அதே ஸ்டூல். கார்டு கயிறு கூட எங்களுக்கு வேற கலர். பர்மனென்ட் அக்காங்க உக்கார்ற டேபிள்ல நாங்க உக்கார மாட்டோம், யாரும் உக்காராதன்னு சொல்லல, ஆனா உக்கார மாட்டோம்.

2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம நூத்துக்கும் மேல பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்குப் போய், பெங்களூர் ஹைவேய ராத்திரி பூரா மறிச்சாங்களே, அதுல இருந்தவங்க பெரும்பாலும் கான்ட்ராக்ட் பொண்ணுங்கதான். எந்த சங்கமும் சொல்லி அவங்க உக்காரல. அதுக்கப்புறம் ஃபேக்டரிய கொஞ்ச நாள் மூடி, ஹாஸ்டல சரி பண்ணாங்க. அதனால கான்ட்ராக்ட் ஆளு நிக்க மாட்டான்னு சொல்லாதீங்க. கூப்பிட்டா வர்றோமா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல யாராச்சும் கூப்பிட்டாங்களா?


காஞ்சிபுரம் பஸ்:

சூப்பர் சிஸ்டர். ஆனா ப்ராக்டிகலா ஒண்ணு சொல்லட்டா, கான்ட்ராக்ட் ஆள மெம்பரா சேத்த மறு மாசமே அவன கேட்டுல நிறுத்திடுவான், சங்கத்தால என்ன பண்ண முடியும்? எங்க கம்பெனில அப்படித்தான் ஆச்சு, சேந்த பசங்க அத்தன பேரும் அவுட், அவங்க இன்னிக்கும் எங்களதான் திட்டறாங்க.


அம்பத்தூர் எஸ்டேட்:

காஞ்சிபுரம் சொல்றது நடக்கறதுதான், மறைச்சு பிரயோஜனம் இல்ல. அதனாலதான் ஆளயும் பேப்பரையும் ஒண்ணா சேக்கணும்.

பாப்பா, உனக்கும் ஒரகடம் தம்பிக்கும் சேத்து சொல்றேன். தமிழ்நாட்டுக்குன்னே 1981ல ஒரு சட்டம் இருக்கு, நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாசத்துல 480 நாள் வேல செஞ்சிருந்தா பர்மனென்ட் பண்ணணும். டெல்லி சட்டம் மாறுனாலும் இது நம்ம ஸ்டேட் சட்டம். உனக்கு பிரேக் குடுக்கறதும், கான்ட்ராக்டர் பேர மாத்தறதும் எதுக்குன்னு நெனச்ச, இந்த 480 நாள் ஓடிடக் கூடாதுன்னுதான். பேப்பர்ல கான்ட்ராக்டர் ஆளுன்னு இருக்கறதால கம்பெனி எங்க ஆளே இல்லம்பாங்க, வாதாட வேண்டி வரும், உடனே கெடச்சுடும்னு நான் ஏமாத்த மாட்டேன். ஆனா வாதாடறதுக்கு ஆதாரம் வேணும்ல. பழைய ஐடி கார்டு, பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ கார்டு, சம்பள மெசேஜ், எந்த லைன்ல எந்த மாசம் நின்னேன்னு ஒரு நோட்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வெச்சுடு, பிரேக் குடுக்கறப்ப கார்ட திருப்பி வாங்கிக்குவாங்க.

இத உங்க சங்கம் எல்லா கான்ட்ராக்ட் பசங்களுக்கும் செஞ்சு குடுக்கலாம், மெம்பர்ஷிப் போடறதுக்கு முன்னாடியே. அதுக்கு எந்த சட்டமும் தடை இல்ல. லஞ்ச்ல நாலு பேரா உக்காந்து பாஸ்புக் டவுன்லோட் பண்ணி குடுங்க, ஹிந்தி தெரியாட்டியும் போன்ல காட்டுனா புரிஞ்சுக்குவான்.


ஒரகடம் ஆப்பரேட்டர்:

ரெண்டு மூணு நாளா இந்த பக்கம் வர முடியல, ஓவர்டைம். நேத்து சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட பெரம்பூர் அண்ணன் எழுதுனத படிச்சு காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல எங்க பிரஸ்ல நிக்கற ஜார்க்கண்ட் பையன்கிட்ட எத்தன மாசமா இருக்கன்னு கேட்டாராம். மூணு கான்ட்ராக்டர் மாறிட்டானாம் அவன்.

ஒர்க்கர்ஸ் கமிட்டிக்கு பேர் குடுன்னு மறுபடி மெயில் வந்துருக்கு. குடுக்கலாமா, பதிவு ஆகற வரைக்கும் இழுக்கலாமா? இன்னொண்ணு, பைலால, அதாவது சங்க விதிகள்ல, மெம்பர் யாருன்னு எப்படி எழுதறது?


அம்பத்தூர் எஸ்டேட்:

குறைதீர்ப்புக் கமிட்டின்னா தேர்தல் வெச்சு ஆள் அனுப்பறோம், தேதி சொல்லுங்கன்னு எழுத்துல பதில் போடு. எச்ஆர் சார் சொன்ன அந்த முப்பது நாள் ஓடட்டும், சாப்பாட்டு நேரத்த அதுலயே கேளுங்க, குடுத்தா வாங்கிக்கோ, குடுக்கலன்னா உன் கைல ஒரு பேப்பர் இருக்கும். அதுக்காக சங்க வேலைய நிறுத்தாத, ரெண்டும் தனித்தனி.

பைலால "நிறுவன வளாகத்தில் பணிபுரியும் அனைத்துத் தொழிலாளர்களும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட"ன்னு எழுது. நிர்வாகக் குழுல ரெண்டு எடமாவது அவங்களுக்குன்னு போட்டு வை, சும்மா மெம்பர்னு சேத்து சந்தா மட்டும் வாங்கறதுக்கு இல்ல. சங்கத்துப் பேருல கம்பெனி பேர அப்படியே வெக்கறதா இருந்தா யோசிச்சுக்கோ, சாம்சங்ல அந்தப் பேர வெச்சுதான் ஆட்சேபனை பண்ணி மாசக்கணக்குல நிறுத்தி வெச்சாங்க. கடைசில அந்தப் பேரோடயே பதிவாச்சு, அதனால தப்புன்னு இல்ல, ஆனா உங்களுக்கு அவசரம்னா ஊர் பேர் வெச்சுட்டு போங்க.

முதல் பொதுக்குழு மினிட்ஸ் புக்குல தேதி, நேரம், வந்தவங்க கையெழுத்து எல்லாம் அன்னிக்கே போட்டுடணும், அப்புறமா எழுதிக்கலாம்னு விட்டா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல அங்கதான் புடிப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல வெக்காத, நைட் ஷிஃப்ட் முடிச்சவன் தூங்கிட்டு இருப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு வை.